புள்ள அசையுதா?

முதல் வெடிக்கட்டு கீழே சிங்களக் கிராமத்தில் ஏதோ ஒரு வீட்டில் வெடித்தது. அடுத்தது அதற்குப் பக்கத்து வீட்டில். பிறகு எங்கள் லயம் எனும் தோட்டத்து வீட்டு வரிசையின் கடைசிக் காம்பராவில் யாரோ வாசலிலேயே ஒரு முழுக் கட்டைப் பற்ற வைத்துவிட்டார்கள். நாய் கட்டிலுக்கு அடியில் ஓடியது. அடுத்த வீட்டுத் தொட்டிலில் கிடந்த குழந்தை வீறிட்டது. விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்த நானும் ஒரு துள்ளுத் துள்ளினேன்.

சித்திரை வருடம் பிறந்த நேரம் அது. பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலம் ஓய்ந்த பிறகு வந்த சித்திரை. அதற்கு முந்தியதில் வெடி வாங்க யாரிடமும் வழியில்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்து வெடித்தார்கள்.

துள்ளியவுடன் இரண்டு கையையும் வயிற்றில் வைத்தேன். எட்டு மாதம் முடியப் போகிற வயிறு. வெளியே தொட்டிலில் கிடக்கிற பிள்ளையே இப்படி அலறும்போது, உள்ளே இருக்கிற பிள்ளை ஒரு உதையாவது உதைக்கும் என்று காத்திருந்தேன்.

உதைக்கவில்லை. இன்னொரு கட்டு வெடித்தது. அதற்கும் ஒன்றுமில்லை. வெடி ஓய்ந்து மருந்துப் புகை வீட்டுக்குள் வந்தபோதும் நான் கையை எடுக்கவில்லை.

சும்மா இருக்கத் தெரியாதவள்

போன வாரம் லயத்துத் தண்ணீர்க் குழாய்ச் சண்டையை எழுதியிருந்தேன். வாளியை முதலில் எறிந்தது நானா, காமாட்சியக்காவா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். காமாட்சியக்காவும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறாள். ஆகவே அந்தப் பேச்சே வேண்டாம். இந்த வாரமும் அவள் வருகிறாள், ஆனால் வாளி இல்லாமல்.

என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. பள்ளிக்கூடத்தில் பெஞ்சின் ஓரத்தில்தான் இருப்பேன். கோயிலில் பூசை முடிவதற்குள் மூன்று தரம் வெளியே போய் வருவேன். கல்யாண மேடையில் ஐயர் மந்திரம் சொல்லும்போது நான் காலை ஆட்டிக்கொண்டிருந்ததை வீடியோவில் போட்டுக் காட்டி என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சிரிப்பார்.

மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவளுக்கு அது ஒரு குறையே இல்லை. செடி நிரையில் இறங்கினால் நடந்துகொண்டே இருக்கலாம். கலவானைப் பக்கத்து மலைகளில் அட்டைக்கடிக்குப் பயந்தாவது நிற்காமல் நகர வேண்டும். நான் அப்படியே சந்தோசமாக இருந்தவள்.

வயிற்றில் பிள்ளை என்று தெரிந்ததும் என்னை மலையிலிருந்து இறக்கி இலேசு வேலைக்குப் போட்டார்கள். இலேசு வேலை என்றால் ஸ்டோரில் தேயிலைக் குச்சி பொறுக்குவது. எங்கள் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்போம். மேல் மாடியில் நீளமான மேசை, இரண்டு பக்கமும் பெஞ்சு, காய்ந்த தூளில் கிடக்கிற சிவப்புக் குச்சிகளைக் கையால் பொறுக்கிப் பொறுக்கி ஒதுக்க வேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்த இடம்.

“ஒனக்கென்னாடி, மகாராணி உத்தியோகம்” என்றாள் காமாட்சியக்கா. அவள் அந்த மேசையில் பல வருடமாக இருப்பவள்.

மகாராணிக்கு முதல் நாளே முதுகு பிடித்துக்கொண்டது.

முதல் உதை

வயிற்றில் பிள்ளை முதன்முதல் அசைவது எப்படி இருக்கும் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். தண்ணீருக்குள் மீன் புரள்வது போல என்றாள் ஒருத்தி. வாயு ஓடுவது போல என்றாள் இன்னொருத்தி. நான் மாமியிடம் கேட்டேன். மாமி என்றால் என் வீட்டுக்காரரின் அம்மா. அப்போதும் மலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பேச்சில் மிச்சம் பிடிப்பவர்.

“மலையில ஏறி எறங்கிக்கிட்டு இருந்தா எங்க தெரியும்? கூடை ஆடுதா, புள்ள ஆடுதான்னு யாரு பாத்தா?” என்றார். அதோடு வெற்றிலையை மென்றபடி உள்ளே போய்விட்டார்.

நான் கலவானை கிளினிக்குக்குப் போய்த் திரும்பும் பஸ்ஸில்தான் முதலில் உணர்ந்தேன், அல்லது உணர்ந்ததாக நினைத்தேன். பின் சீட்டில் இருந்தேன். அடிவயிற்றில் மெல்லிய நடுக்கம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த கிழவரிடம் சொல்லவா முடியும்? வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அந்தப் பஸ்ஸைப் பார்த்தவர்கள் நான் எதை உணர்ந்திருப்பேன் என்பதை இப்போதே சொல்லிவிடுவார்கள்.

அதற்குப் பிறகு ஸ்டோரில் நன்றாகத் தெரிய ஆரம்பித்தது. கீழ்மாடியில் கொழுந்தை உருட்டும் மிஷின்கள் ஓடும். எங்களுக்குப் பின்னால் சலிக்கும் மிஷின் ஓடும். நான் மேசை விளிம்பில் வயிற்றை அணைத்தபடி குச்சி பொறுக்குவேன். உள்ளே குறுகுறுவென்று ஓடும். சில நேரம் விலா வரைக்கும் ஏறும். காலையில் மிஷின் போட்டதும் தொடங்கி, மாலையில் நிறுத்தும்வரை பிள்ளைக்கு ஓய்வே இல்லை.

“கைய வச்சிப் பாருங்கக்கா” என்று காமாட்சியக்காவைக் கூப்பிட்டேன். அவள் தூள் படிந்த கையைச் சேலையில் துடைத்துவிட்டு வைத்தாள்.

“அடியாத்தே! என்னா ஒதை ஒதைக்கிறான்! சிங்கக்குட்டிடி!”

அதன் பிறகு மேசையில் இருந்த எல்லாரும் முறை வைத்துக் கை வைத்துப் பார்த்தார்கள். எல்லாருடைய கையிலும் தெரிந்தது. ஆம்பிளைப் பிள்ளை என்று அந்த மேசையே தீர்ப்புச் சொல்லிவிட்டது. தேநீர் நேரத்தில்கூட ஒருத்தி வந்து, “என்னா தம்பி, வேல நடக்குதா?” என்று வயிற்றைப் பார்த்துக் கேட்பாள்.

வீட்டுக்கு வந்தால் அடங்கிவிடும். எங்கேயோ எப்போதாவது லேசாக ஒன்று, அதுவும் தூக்கத்தில் கண்டதுபோல. அது எனக்கு வினோதமாகவே படவில்லை. நானே ஸ்டோரிலிருந்து வந்து செத்த பிணம் மாதிரிக் கிடக்கும்போது, உள்ளே இருக்கிறவனுக்கும் களைப்பு இருக்கும்தானே என்று நினைத்தேன். எங்கள் பிள்ளை ஸ்டோர் திறந்தால் வேலை செய்கிறான், பூட்டினால் தூங்குகிறான் என்று லயம் முழுக்கப் பெருமையடித்தேன்.

என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்து ரொட்டி போடுகிறவர். போன் எடுத்தால் வணக்கமும் கிடையாது, சாப்பிட்டாயா என்பதும் கிடையாது. தகரத்தில் கரண்டி அடிக்கிற சத்தத்துக்கு நடுவில், “புள்ள அசையுதா?” என்பதுதான் முதல் வார்த்தை.

“ஆடுறான், ஆடுறான். ஒங்க கொத்து ரொட்டி மாதிரியே ஆடுறான்.”

கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ்ஸும் அதையேதான் கேட்பார். சிங்களப் பெண், எங்களுக்காகத் தமிழைத் தேடித் தேடிப் பேசுவார். “பேபி நல்லா அசையுது தானே?” நல்லாவே அசைகிறது மிஸ் என்பேன். மனதார நம்பித்தான் சொன்னேன். குறைந்தால் ஒரு நிமிடமும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே வந்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புவார். எனக்கு எதற்கு அந்தப் பேச்சு என்று தலையை ஆட்டிவிட்டு வருவேன்.

அவனோடு நான் பேசாத பேச்சில்லை. குச்சி பொறுக்கிக்கொண்டே கதை சொல்வேன். கங்காணியைப் பற்றிக் கோள் சொல்வேன். யாரும் கேட்காதபடி தாலாட்டுகூடப் பாடியிருக்கிறேன். பாடினால் குறுகுறுப்பு கூடுவதாகத் தோன்றும். அந்த மேசையில் எனக்கு உட்கார முடிந்ததே அதனால்தான்.

மிஷின் ஓய்ந்தது

சித்திரைக்கு ஸ்டோரைப் பூட்டினார்கள். எங்கள் பக்கம் தமிழருக்கும் சிங்களவருக்கும் ஒரே வருடப் பிறப்பு. கொழுந்து கொடுக்கும் சின்னத் தோட்டக்காரர்களும் பறிக்க மாட்டார்கள். ஆகவே எல்லாம் ஒரேயடியாக நின்றுபோகும். லயத்தில் இருந்தாலும் காதில் எப்போதும் இரைந்துகொண்டிருக்கும் அந்த ஓசை நின்றால், காது அடைத்துக்கொண்டதுபோல இருக்கும்.

முதல் நாள் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வீட்டைக் கழுவினேன், பலகாரத்துக்கு மாவு அரிக்க உதவினேன். மாலையில் உட்கார்ந்தபோது வயிறு சும்மா இருந்தது. லீவு நாள், அவனும் லீவு எடுத்திருக்கிறான் என்று நினைத்தேன். நினைத்ததை மாமியிடம் சொல்லிச் சிரித்தேன். மாமி சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் எழுந்ததிலிருந்து என் கை வயிற்றிலேயே இருந்தது. குளிக்கப் போனேன், பாதியில் நின்று கை வைத்துப் பார்த்தேன். வருடப் பிறப்புக்கு மூலிகை காய்ச்சிய மருத்துநீரைத் தலையில் வைத்தபோதும் பார்த்தேன். இடது பக்கம் சாய்ந்து படுத்தேன். எழுந்தேன். நடந்தேன். வாசலுக்குப் போய் மூடிக்கிடந்த ஸ்டோரின் தகரக் கூரையைப் பார்த்தேன். திரும்ப வந்து படுத்தேன். அப்போதுதான் விளக்கையாவது துடைப்போம் என்று எடுத்தேன். அதன் பிறகுதான் அந்த வெடி.

“மாமி, புள்ள அசையல” என்றேன்.

மாமி பொங்கல் பானையைக் கிளறிக்கொண்டிருந்தார். “இனிப்பு ஏதாச்சும் சாப்புடு. பச்சத் தண்ணி குடி. படு” என்றார். எல்லாரும் சொல்வதைத்தான் சொன்னார்.

கித்துள் கருப்பட்டியைக் கடித்துத் தண்ணீர் குடித்தேன். படுத்தேன். காத்திருந்தேன். அடுத்த வீட்டிலிருந்து காமாட்சியக்கா பலகாரத் தட்டோடு வந்தாள். விசயம் கேட்டதும் கை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மாசம் நெருங்கிட்டா புள்ள எறங்கி அமைதியாயிரும்டி” என்றாள். சொல்லும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை.

அப்போது போன் அடித்தது. “அவிசாவளையில நிக்கிறேன். ஒரு பஸ்ஸும் இல்ல. வந்த ரெண்டும் நெறஞ்சி போயிருச்சி. புள்ள அசையுதா?”

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. மறுமுனையில் பஸ் நிலையத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது.

மாமி வந்து என் கையிலிருந்து போனை வாங்கினார். “நீ நேரா ரத்னபுரி ஆஸ்பத்திரிக்கி வா. நாங்க போறோம்” என்று சொல்லி வைத்துவிட்டார். அடுப்பை அணைத்தார். பொங்கல் பாதி வெந்து கிடந்தது.

நொனகதே

பழைய வருடம் முடியப்போகும் நேரத்திலிருந்து புது வருடத்தின் நல்ல நேரம் வரும்வரை சிங்களவர்கள் ஒரு வேலையும் தொட மாட்டார்கள். அடுப்பு மூட்ட மாட்டார்கள், சாப்பிட மாட்டார்கள், பயணம் போக மாட்டார்கள். அதற்கு நொனகதே என்று பெயர். வருடம் பிறப்பதே அந்த நேரத்தின் நடுவில்தான். நாங்கள் ஆட்டோ தேடிக் கிராமத்துக்கு இறங்கியபோது அதில் இன்னும் சில மணி நேரம் மிச்சமிருந்தது.

எங்கள் லயத்தில் இருந்த ஒரே ஆட்டோ முந்திய நாளே சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்தது சுமித்தின் ஆட்டோதான். கழுவிப் பூமாலை போட்டு வாசலில் நிறுத்தியிருந்தான். புதுச் சட்டை போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தான். எங்களைத் தெரியும், ஸ்டோருக்குக் கொழுந்து ஏற்றி வருகிறவன்.

நான் சிங்களத்தில் சொன்னேன். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் சிங்களம் வரும். பயத்தில் எனக்கு அன்று இன்னும் நன்றாக வந்தது. அவன் எழுந்து நின்றான். தலையைச் சொறிந்தான்.

“நொனகதேனே, அக்கே” என்றான். இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தால் நல்ல நேரம் வந்துவிடும், அதற்குப் பிறகு போகலாம், கெட்ட நேரத்தில் புறப்பட்டு வழியில் ஏதாவது ஆனால் அது உங்களுக்குத்தானே நல்லதில்லை என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவன் முகத்தில் உண்மையான கவலை இருந்தது. எனக்கு அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

என்னால் நிற்க முடியவில்லை. அவன் வீட்டு வாசலில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். கலவானைக்கு நடந்தே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

உள்ளேயிருந்து அவனுடைய அம்மா வந்தார். விகாரைக்குப் போக வெள்ளை உடுத்தியிருந்தார். என்னைப் பார்த்தார், என் கை இருந்த இடத்தைப் பார்த்தார். மகனைப் பார்த்து, “லமயெக்னே. யன்ன, புத்தே” என்றார். ஒரு பிள்ளை அல்லவா, போ மகனே என்று அர்த்தம். அதோடு அவரே போய் ஆட்டோவின் கண்ணாடியை மறைத்த பூமாலையைக் கழற்றினார்.

சுமித் செருப்புகூடப் போடாமல் ஏறி உட்கார்ந்தான்.

மாமி சொன்னது

ஆட்டோவில் ஏறியதும் எனக்கு ஒரு அற்ப சந்தோசம். வயிற்றில் அசைவு தெரிந்தது. “மாமி, அசையுது!” என்று கத்தினேன். சுமித் பிரேக் போட்டான். ஆட்டோ நின்றது. அசைவும் நின்றது.

அந்த இடத்தில் எனக்கு ஏதோ விளங்கியது. விளங்கியதை மனதுக்குள் எடுக்க நான் விரும்பவில்லை. “ஓட்டு, தம்பி, ஓட்டு” என்றேன்.

ரோட்டில் ஆள் இல்லை. கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. வழியில் ஆற்றுப் பக்கம் மாணிக்கக் குழிகளின் மேல் போட்ட ஓலைக் கொட்டில்களில்கூட ஒரு ஆள் இல்லை. நிவித்திகல ஊரைத் தாண்டியதும் மாமி ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

“எனக்கும் ஒன்னு இருந்திச்சி. ஒம் புருசனுக்கு முன்னால.”

எனக்குத் தெரியாத செய்தி. வீட்டில் யாரும் சொன்னதில்லை.

“ரொம்ப அமைதி. ஒரு தொந்தரவும் இல்ல. நாலு நாளா மலைக்கிப் போறேன், வாரேன், ஒன்னும் தெரியல. நல்ல புள்ளன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். எல்லாருக்கிட்டயும் சொன்னேன், நல்ல புள்ளன்னு.”

நான் அவர் கையைப் பிடித்தேன். கொழுந்துக் கறை ஏறி வெடித்துப்போன விரல்கள். அவரும் பிடித்துக்கொண்டார். நான் கடவுளிடம் அன்று கேட்டது ஒன்றே ஒன்றுதான். எனக்கு நல்ல பிள்ளை வேண்டாம், பொல்லாத பிள்ளை போதும் என்று கேட்டேன்.

மெத்தை

ஆஸ்பத்திரியில் அசைவில்லை என்று சொன்னதுமே உள்ளே எடுத்தார்கள். கொட்டாவி விட்டபடி யாரோ வருவார்கள் என்று எதிர்பார்த்த எனக்கு, அவர்கள் அவசரப்பட்டதுதான் இன்னும் பயத்தைக் கொடுத்தது. வயிற்றில் பட்டியைக் கட்டி ஒரு குமிழை வைத்தார்கள். நர்ஸ் அதை இங்கே நகர்த்தினார், அங்கே நகர்த்தினார். கரகரவென்று சத்தம் மட்டும்தான்.

நான் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் ஒரு இறக்கையில் ஒட்டடை இருந்தது. இன்றைக்கும் அந்த ஒட்டடையை வரைந்து காட்டச் சொன்னால் காட்டுவேன்.

பிறகு கேட்டது. நனைந்த துணியைக் கல்லில் படபடவென்று அடிப்பது போல ஒரு சத்தம். நர்ஸ் நிமிர்ந்து, “பபாகே ஹார்ட் எக்க” என்றார். பிள்ளையின் இதயம் என்று மாமிக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. மாமி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சற்று நேரத்தில் ஒரு டொக்டர் வந்து ஸ்கேன் பார்த்தார். இளம் பெண். யாழ்ப்பாணத் தமிழ்.

“எப்பேலயிருந்து அசைவு தெரியேல்லை?” என்றார்.

“நேத்திலருந்துங்க.”

“அதுக்கு முன்னம் நல்லா அசைஞ்சதோ? எந்த நேரத்தில கூடத் தெரியும்?”

“ஸ்டோர்ல இருக்கறப்பங்க. மிஷின் ஓடுறப்ப.”

“வீட்டில இருக்கேக்க?”

நான் குனிந்து வயிற்றைப் பார்த்தேன். அவர் பேனாவை மூடிவிட்டு என் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தார். எந்த மிஷின், எங்கே உட்காருவீர்கள், தரை பலகையா சீமெந்தா என்று கேட்டார். சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே எல்லாம் விளங்கியது. மேசையும் பெஞ்சும் பலகைத் தரையும் சேர்ந்து நடுங்கிய நடுக்கம். அதைத்தான் நானும் காமாட்சியக்காவும் அந்த மேசை முழுவதும் சிங்கக்குட்டி என்று கொண்டாடினோம்.

“உங்களுக்கு நஞ்சுக்கொடி முன்பக்கமா ஒட்டியிருக்கு. அது மெத்தை மாதிரி. பிள்ளை அதிலதான் உதைக்குது, உங்களுக்கு வெளியில வடிவாத் தெரியாது. சிலபேருக்கு அப்பிடித்தான். அதில பிழையில்லை” என்றார். “ஆனா இப்ப பிள்ளையின்ர இதயத் துடிப்பு எழும்பி இறங்கிறது எனக்குத் திருப்தியில்லை. பிள்ளையைச் சுத்தியிருக்கிற தண்ணியும் குறைவாத் தெரியுது. பெரிய டொக்டரோட கதைச்சிட்டு வாறன். பயப்பிடாதேங்கோ. நீங்கள் இண்டைக்கு வந்ததுதான் நல்லது.”

அவர் போன பிறகு எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் வந்தது. மாதக்கணக்காக நான் உருட்டு மிஷினுக்குத் தாலாட்டுப் பாடியிருக்கிறேன். கங்காணியைப் பற்றிய கோள் எல்லாம் மிஷினிடம் சொல்லியிருக்கிறேன். என் பிள்ளையோ உள்ளே யாருக்கும் கேட்காத கதவைத் தட்டுவது போலத் தட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. அது உதைத்த எந்த உதைக்கும் நான் பதில் சொன்னதில்லை. அழுதேன். சிரிப்பும் வந்தது. மாமி இரண்டையும் பார்த்துப் பயந்து போய்த் தண்ணீர் கொடுத்தார். ஒப்பரேசனுக்கு முன் குடிக்கக் கூடாது என்று நர்ஸ் அதைப் பிடுங்கினார்.

வெளிச்சம் இருக்கும்போதே வயிற்றைக் கீறி எடுத்தார்கள். பெண் பிள்ளை. சின்னது. தோல் சுருங்கி, பழுக்காத பழத்தைப் பறித்ததுபோல இருந்தாள். ஒரு சத்தம் போட்டாள், பூனைக்குட்டிச் சத்தம். உடனே சின்னப் பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் எந்த லொறியில் ஏறி வந்தாரோ, கண்ணாடிக்கு வெளியே நின்று முதலில் பார்த்தவர் அவர்தான். அவர் என்னிடம் வந்தபோது முதல் தடவையாக வேறு ஒரு வார்த்தை பேசினார். “ஒன்ன மாதிரியே கால ஆட்டுது” என்றார்.

சில நாள் கழித்துத்தான் அவளை என்னிடம் கொடுத்தார்கள். கட்டிலில் என் பக்கத்தில் படுக்க வைத்தார்கள். பால் குடித்தாள். பார்வையாளர்கள் போன பிறகு வார்டு ஓய்ந்தது. மதிய வெயில் சன்னல் வழியாகக் காலில் விழுந்தது. எத்தனையோ நாள் கழித்து நான் தூங்கினேன்.

திடீரென்று விழித்தேன். கை வயிற்றில் இருந்தது. வயிறு அசையவில்லை. அழுத்திப் பார்த்தேன். ஒன்றுமில்லை. தையல் போட்ட வலிகூடத் தெரியவில்லை, அந்த அமைதி மட்டும்தான் தெரிந்தது.

“மிஸ்! மிஸ்! புள்ள அசையல!” என்று வார்டே எழும்பும்படி கத்தினேன்.

யாரும் சிரிக்கவில்லை. அதை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்களப் பெண், அவளுக்கும் என்னைப்போலவே வயிறு கீறியிருந்தது, தையலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி வந்தாள். என் வயிற்றிலிருந்து என் கையை எடுத்தாள். அதைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் துணியில் சுற்றிக் கிடந்த பிள்ளையின் மேல் வைத்தாள்.

“மே இன்னே, நங்கி” என்றாள். இதோ இருக்கிறாள், தங்கச்சி. “மே இன்னே.”

துணிக்குள்ளிருந்து ஒரு கால் வந்து என் உள்ளங்கையில் மோதியது. அத்தனை மாதமாக உதைத்துக்கொண்டிருந்தவள், அன்றுதான் எனக்குத் தெரியும்படி உதைத்தாள்.